ரெண்டுவின் பதினெட்டுப் புள்ளிகள்

மத்தியானம் மூன்று மணி ஆனால் என் அக்கா சதுப்பு நிலத்தில் இறங்கிவிடுவாள். ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். வந்து குளித்து, சாப்பிட்டு, பச்சைத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கணினி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் முடிந்தது கதை. அறை முழுக்கப் பாசி நிறத்தில் வெளிச்சம் நிற்கும். திரையில் வெள்ளை மூடுபனி நகரும். தூரத்தில் எங்கோ ஒரு மணி அடிக்கும். தோல் கவசம் போட்ட ஒரு பெண் தண்ணீரைக் கலைக்காமல் நடந்துபோவாள். அந்தப் பெண்ணும் என் அக்காதான். நான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன், பாதித் தூக்கத்தில் நானும் கூடவே நடப்பேன். நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்பது அப்போது வேறு யாருடைய வேலையோ என்று தோன்றும்.

கடை எங்கள் வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது, ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே. போட்டோகாப்பி கடை. "காப்பி இருக்கா?" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் குடிக்கிற காப்பியைக் கேட்கிறார்கள். பதினோரு வருஷமாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கோபக்காரி என்று தெருவில் எனக்குப் பெயர். இருக்கட்டுமே! என்னைக் கட்டியவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பத்து மாதம் கடலில். வீட்டில் நானும் அக்காவும்தான். என் கோபத்தை நான் வேறு யாரிடம் காட்டுவது?

அக்காவுக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. நர்சிங் படிப்பில் எல்லாம் தேறினாள், மருந்தளவுக் கணக்கு என்ற ஒரே ஒரு பேப்பரைத் தவிர. மூன்று தடவை எழுதினாள், மூன்று தடவையும் கவிழ்ந்தாள். கணக்கு தெரியாமல் இல்லை. பரீட்சை அறையில் கடிகாரத்தைப் பார்த்தால் அவளுக்கு எண்கள் நகர ஆரம்பித்துவிடும். கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவாள், கனமான ஆட்களைப் புரட்டிப் படுக்கவைப்பாள். அதோடு நிற்கமாட்டாள். ஊசிக்கு நடுங்குகிறவரிடம் பேசிப் பேசியே நடுக்கத்தை நிறுத்துவாள், காய்ச்சல் அட்டையைப் பார்த்து நர்சுக்கு முன்னால் முகம் சுளிப்பாள். நர்சுகள் அவளை வண்டிக்காரி என்றார்கள். வண்டி தள்ளுகிறவர்கள் அவளை நர்சம்மா என்று கிண்டல் பண்ணினார்கள். எங்கள் அப்பா சுருக்கமாக ஒரே பெயர் வைத்தார்: ரெண்டுங்கெட்டான். அப்பா போன பிறகு அந்தப் பெயரை நான் எடுத்துக்கொண்டேன், கொஞ்சலுக்கும் கோபத்துக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் கடைக்குப் புதுக் கணினி வந்தபோது பழையதை மாடிக்கு ஏற்றினோம். பழுதுபார்த்தவர் அதில் ஒரு விளையாட்டை விட்டுப் போயிருந்தார். அக்கா சும்மா திறந்து பார்த்தாள். முதலில் அது நீ யார் என்று கேட்டது. வீரரா, மந்திரவாதியா? கீழே மூன்றாவதாக, கொஞ்சம் மங்கலாக, இரண்டும் கலந்தவர் என்று ஒரு பொத்தான்.

"நம்ம ஆளுடி இது!" என்று அக்கா அதை அழுத்தினாள்.

பெயர் கேட்டது. இங்கிலீஷ் எழுத்தில் ரெண்டுங்கெட்டான் என்று அடிக்க ஆரம்பித்தாள். பெட்டி ஐந்து எழுத்துக்கு மேல் வாங்கவில்லை. 'ரெண்டு' என்பதோடு நின்றுவிட்டது.

"பாத்தியா, கெட்டது வெளியவே நின்னுருச்சு," என்றாள். அவளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் அப்போது அது உறைக்கவில்லை.

ரெண்டு ஒவ்வொரு நிலை ஏறும்போதும் மூன்று புள்ளிகள் கிடைக்கும். அதைப் போட்டுத் திறமைகளை வளர்க்க வேண்டும். திரையில் இடது பக்கம் இரும்பு மரம்: வாள், கேடயம், உடல் வலு. வலது பக்கம் மந்திர மரம்: நெருப்பு, பனி, காற்று. நடுவில் ஒரு ஒல்லிக் கொடி. இரண்டு மரத்திலும் ஏறியவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கொடி இலை விடும். எல்லாப் பெயர்களையும் அக்கா பழைய காய்ச்சல் அட்டைகளின் முதுகில் தமிழில் எழுதி வைத்தாள். கனல்வாள், பனிமூச்சு, இரும்புத்தோல். ஒரு பக்கம் யாரோ ஒருவரின் காய்ச்சல் ஏறி இறங்கும், மறுபக்கம் மந்திரம்.

ஒரு புள்ளி போடுவதற்குள் அவள் படுத்துகிற பாடு இருக்கிறதே! இரண்டு கையாலும் பிடிக்கிற கோடாரி ஒன்று இருந்தது. ஒரே வீச்சில் மூன்று பேரைச் சாய்க்கும்.

"அத எடுத்துத் தொலையேன்," என்றேன்.

"ரெண்டு கையும் கோடாரியில இருந்தா மந்திரத்த எந்தக் கையால போடுறது? ஒரு கை காலியா இருக்கணும்டி."

அதனால் குட்டையான வாள். இரும்புக் கவசமும் வேண்டாம், அதைப் போட்டால் மந்திரம் வாயிலிருந்து வர இரண்டு மடங்கு நேரம் ஆகிறதாம். அதனால் தோல் கவசம். வாளில் நெருப்பு ஏற்ற மூன்று புள்ளி போட்டாள். எதிரியின் காலை மெதுவாக்கும் பனிமூச்சுக்கு இரண்டு. அதற்குள் இரண்டு வாரம் போயிருந்தது. நான் பொறுமை கெட்டு, இந்த விளையாட்டை ஆடியவர்கள் எழுதிய வழிகாட்டியைக் கடையில் அச்சடித்து, அறுபத்து நாலு பக்கம், சுருள் கம்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது: இரண்டு மரத்திலும் ஏறாதே, ஏறினால் கடைசியில் எதற்கும் ஆகமாட்டாய்.

"கேட்டியா? ஊரே சொல்லுது," என்றேன்.

"ஊருக்கு என்ன, சொல்லும்," என்றாள், வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு.

நடுக்கொடியில் 'வார்டு' என்று ஒரு திறமை இருந்தது. வளைந்த கூரை போல ஒரு படம். அதைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "காலையில ஆறு மணியிலேருந்து வார்டுலதான் கெடக்குறேன். இங்கயும் வார்டா? காயம்பட்டவங்கள படுக்கவைக்கிற எடம் போல. ஆள விடு சாமி!" எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருபது வருஷம் குடியிருந்தவர்களுக்கு வார்டு என்றால் வேறு என்ன தோன்றும்? அதன் பிறகு அந்தப் பக்கம் நாங்கள் திரும்பவே இல்லை.

அப்புறம் வந்தது பாலம். சதுப்பின் நடுவே நீளமான கல் பாலம், பதினான்கு வளைவு. அதன் வழியாக ஒரு விளக்குக்காரரை அக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். வயதானவர், கையில் ஆயுதம் கிடையாது, விளக்கு மட்டும். அவர் அசைந்து அசைந்து ரெண்டுவுக்குப் பின்னால் வருவார். ஐந்தாவது வளைவு தாண்டினால் மூடுபனிக்குள்ளிருந்து ஏதேதோ எழும். ரெண்டுவை அவை தொடுவதில்லை, நேராக அவரிடம் போகும். விளக்கு அணையும். திரை முழுக்க வெள்ளையாகும். மறுபடியும் முதல் வளைவு.

மூன்று மாதம் இதேதான். வழியில் கிடைத்த புள்ளிகளை எதில் போடுவது என்று தெரியாமல் சேர்த்து வைத்ததில் பதினெட்டு ஆகிவிட்டது. இரும்புத்தோலில் போட்டால் அவளுக்குத்தான் பாதுகாப்பு, அவருக்கு இல்லை. நெருப்பில் போட்டால் நாலு பேய் செத்து ஐந்தாவது அவரிடம் போகும்.

"அந்தாள விட்டுட்டு நீ மட்டும் ஓடிடேன்," என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் முன்னால போறேன்னு நம்பித்தானே பின்னால வர்றாரு?" என்றாள். திரையைப் பார்த்தே சொன்னாள். வெள்ளை வெளிச்சத்தில் அவள் முகம் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் படிவம் வந்தது. ஆஸ்பத்திரியின் புதுக் கண்காணிப்பாளருக்கு அக்கா வைத்த பெயர் 'பட்டியல்'. மனிதர் எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவார். திங்கட்கிழமை அவரே கடைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்து அறுபது நகல் கேட்டார். நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி மேல் கவிழ்த்தேன், பொத்தானை அழுத்தினேன், அறுபது தாள் சூடாக வந்து விழுந்தது.

மத்தியானம் அக்கா அதில் ஒன்றோடு வந்தாள். அன்று கணினியைத் திறக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள். உதவியாளர்கள் எல்லோரும் இனி ஏதாவது ஒரு பட்டியலில்தான் இருக்கலாம். ஒன்று, வண்டிப் பிரிவு: இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டும், நோயாளியை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் விட்டதும் உடனே திரும்ப வேண்டும், பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. இன்னொன்று, படுக்கைப் பிரிவு: நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் வார்டை விட்டு வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போட்டுக் கொடுக்க வேண்டும்.

"படுக்கைப் பிரிவுல போடு. முதுகாவது தப்பிக்கும்," என்றேன்.

"அப்ப அந்த வழியில அவங்க கூட யாரு போறது?"

"எந்த வழியில?"

"வார்டுலேருந்து தியேட்டர் வரைக்கும். ஏழு நிமிஷம். பயமெல்லாம் அங்கதான்டி இருக்கு. படுக்கையில பயப்பட மாட்டாங்க, உள்ள போனா மயக்கம். நடுவுல அந்த ஏழு நிமிஷம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குக் காரணம் உண்டு, அந்த வாரமே புதன்கிழமை எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். பயத்தை வெளியே காட்டாமல் நான் எல்லாவற்றின் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். "எல்லாத்துலயும் நடுவுல நிக்கணும் உனக்கு. ரெண்டுங்கெட்டானா இருந்து இத்தன வருஷமா என்னத்தக் கிழிச்ச?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் படிவத்தை நான்காக மடித்து ஆஸ்பத்திரிச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டு, துணி காயப்போடப் போய்விட்டாள். சொன்னதைத் திரும்ப வாங்க எனக்கு நாக்கு வளையவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. ஏதோ ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள், உடம்பு எனக்குச் சொந்தமில்லாமல் லேசாகிவிட்டது. ஆனால் பயம் மட்டும் லேசாகவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தவுடன் பக்கக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன், கப்பல்காரருக்கு யார் போன் பண்ணுவார்கள் என்றுகூட யோசித்தேன். அப்போது தலைமாட்டில் அக்காவின் குரல் கேட்டது.

"கெளம்புவோமா? மேல பாரு, வரிசையா விளக்கு. மொத்தம் பதினாலு. எண்ணிட்டே வா."

"நான் என்ன பாப்பாவா?" என்றேன். எண்ணினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. விளக்குகள் தலைக்கு மேல் மெதுவாக வந்து போயின. சக்கரம் ஒன்று கீச்சிட்டது. "இப்ப ஒரு சின்னக் குதி வரும்," என்றாள், தரையின் இணைப்பில் வண்டி சின்னதாகக் குதித்தது. "இப்ப வலது பக்கம் திரும்புவோம், தல சுத்துற மாதிரி இருக்கும், அது வண்டி, நீ இல்ல." திரும்பினோம். சுவர்கள் வெள்ளை, கூரை வெள்ளை. நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குக் குழம்பிவிட்டது. அடியில் தண்ணீர் ஓடுகிறது, தூரத்தில் மணி அடிக்கிறது, ஆறாவது வளைவு, ஏழாவது வளைவு. மூடுபனிக்குள்ளிருந்து ஏதோ எழப்போகிறது என்று எனக்குத் தெரியும். எழவில்லை.

"பதினொண்ணு எரியாது. பயப்படாத, அது ஆறு மாசமா அப்படித்தான்."

இருட்டான அந்த விளக்குக்குக் கீழே போகும்போதுதான் தோளில் ஏதோ சூடாக இருப்பதைக் கவனித்தேன். அவள் கை. வார்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. ஒரு கையாலும் இடுப்பாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையை என் மேல் வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு கை காலியா இருக்கணும்டி. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் துடைத்துவிட்டாள், அதே கையால்.

பதினான்கு. கதவு. "இதுக்கு மேல நான் வரக் கூடாது. ஆனா இங்கயேதான் நிப்பேன். கண்ண மூடிக்கோ." மூடிக்கொண்டேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் மத்தியான வெயில். அக்கா இரண்டு மணி நேரமும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றாள் என்று, அங்கே காத்திருந்த பக்கத்துப் படுக்கைக்காரியின் அம்மா சொன்னார். பட்டியல் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டாராம், இவள் மூடிய கதவைக் கைகாட்டினாளாம். நான் விழித்ததும் அக்கா என் பையிலிருந்து அந்தச் சுருள் கம்பிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். பொழுதுபோக இருக்கட்டும் என்று நான்தான் வைத்திருந்தேன். மயக்கம் மிச்சமிருந்த கண்ணோடு புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கம், வார்டு. படித்தேன். மறுபடி படித்தேன். ஃபோனில் அகராதியைத் திறந்து பார்த்தேன்.

"அக்கா, இது ஆஸ்பத்திரி வார்டு இல்ல."

"பின்ன?"

"காப்பு."

"கையில போடுற காப்பா?"

"ஐயோ! காவல். நீ யார் பக்கத்துல கைய நீட்டுறியோ, அவங்களச் சுத்தி ஒரு மறைப்பு வரும். ஒரு கையில ஆயுதம், ஒரு கை காலியா இருந்தாத்தான் வேலை செய்யுமாம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூன்று மாதம்! அந்தக் கிழவரை எத்தனை தடவை சாகவிட்டிருக்கிறோம்! முதலில் அவள் சிரித்தாள், பிறகு நான். சிரித்தால் தையல் இழுத்தது, உயிர் போனது, நிறுத்த முடியவில்லை. நர்ஸ் ஓடிவந்து இருவரையும் திட்டினாள். சிரிப்பு அடங்கிய பிறகு அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். வாசலுக்கு அப்பால் அந்த நடைக்கூடம்.

"திங்கக்கிழம நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா," என்றேன்.

"எப்படி?" என்றாள். தெரிந்தேதான் கேட்டாள். என் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்குப் பச்சைத் திரைச்சீலை இறங்கியது. கணினிக்குப் பக்கத்தில் படிவம், இன்னும் இரண்டு கட்டமும் காலி. ஐந்து மணி வரைதான் நேரம். நான் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அக்கா பதினெட்டுப் புள்ளிகளையும் வார்டில் போட்டாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சின்னதாக ஒரு சத்தம். ஒல்லிக் கொடி முழுக்க இலை விட்டது.

ரெண்டு பாலத்தில் ஏறினாள். விளக்குக்காரர் பின்னால் அசைந்து வந்தார். ஐந்தாவது வளைவில் மூடுபனி எழுந்தது. ரெண்டு வலது கையில் வாளோடு, இடது கையைப் பின்னால் நீட்டினாள். கிழவரைச் சுற்றி மெல்லிய நீல வெளிச்சம் ஒன்று வளைந்து நின்றது. உள்ளே விளக்கு ஆடாமல் எரிந்தது. எழுந்தவை அதில் மோதி மோதித் தண்ணீருக்குள் இறங்கின. நான் வளைவுகளை வாய்விட்டு எண்ணினேன். பதினொன்றில் ஒரு நொடி எல்லாம் இருண்டது. அக்கா, "அது அப்படித்தான்," என்றாள். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. அக்கரையில் புல் முளைத்திருந்தது. கிழவர் ரெண்டுவின் பக்கம் திரும்பி ஒரே ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அக்கா படிவத்தை இழுத்து முன்னால் வைத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். படுக்கைப் பிரிவுக் கட்டத்தில் குறி போட்டாள். விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். அதற்குக் கீழே ஒரு கோடு இருந்தது, நான் அறுபது நகல் எடுத்தும் கவனிக்காத கோடு: பணிபுரிய விரும்பும் வார்டு. அதில் அக்கா நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதினாள்: நடைக்கூடம்.

"இதப் பாத்தா பட்டியலுக்குப் பைத்தியம் பிடிச்சிரும்," என்றேன்.

"பிடிக்கட்டும். வார்டுன்னா காப்புதான? நான் காக்குற எடம் அதான். வேற ஆள் வண்டியத் தள்ளட்டும், நான் பக்கத்துல நடக்குறேன்." படியிறங்கிப் போய்விட்டாள். ஐந்தாக இருபது நிமிஷம் இருந்தது.

அடுத்த பத்து நாள் படிவத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. பாலத்தைத் தாண்டி வந்த ரெண்டு புல்வெளியில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள், அக்கா அவளை அடுத்த ஊருக்கு நடத்தவில்லை. வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன், காப்பி கேட்டவர்கள் பாவம்.

பதினோராவது நாள் மத்தியானம் பட்டியல் வந்தார். நான் இன்னும் மெதுவாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தேன். ஒரு தாளை நீட்டினார். "நாப்பது நகல்மா. நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்."

இந்தத் தடவை படித்தேன். அவர் எதிரிலேயே, ஒவ்வொரு வரியாக. பெயர், பிரிவு, வார்டு. பதினேழாவது வரியில் அக்கா. படுக்கைப் பிரிவு. வார்டு என்ற இடத்தில்: நடைக்கூடம். பக்கத்தில் சின்ன எழுத்தில், தற்காலிகம்.

"தற்காலிகமா?" என்று கேட்டேன். என் குரல் எதிரே ஆஸ்பத்திரி வாசல் வரை கேட்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு மாசம் பாக்கலாம்னு இருக்கேன். அன்னிக்கு உங்க வண்டிக்குப் பின்னாலதான் நான் வந்துட்டிருந்தேன்," என்றார். "பதினோராவது விளக்கையும் மாத்தச் சொல்லிட்டேன்."

நாற்பது நகல் கேட்டிருந்தார். நாற்பத்தொன்று எடுத்தேன்.

அதைக் கொண்டுபோய்க் கணினிக்கு மேலே, காய்ச்சல் அட்டைகளுக்கு நடுவில் ஒட்டினேன். பச்சைத் திரைச்சீலையை நானே இழுத்துவிட்டேன். திரையில் ரெண்டு அக்கரைப் புல்லில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. ஸ்டூல் காலியாகவே இருந்தது. யாரோ ஒருவர் கதவுக்கு உள்ளே போயிருக்கிறார், அக்கா வெளியே நிற்கிறாள். நாலு மணிக்குக் கடை திறக்க வேண்டும், அவளுக்கு வைத்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமே வரவில்லை.